மண்ணுக்கும் மதிப்பெண் உண்டு

மாணவர்களுக்கு மட்டுமல்ல, மண்ணுக்கும் மதிப்பெண் இடுகிறார்கள். மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் பெயர்பெற்ற அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒவ்வொரு மண் வகைக்கும் 5 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் உண்டு. 1971இல் வந்த இம்முறையை அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் 2013இல் திருத்தி அமைத்தது. மண் உருவான மூலப்பொருள், நிலச் சரிவு, மண்ணின் நயம், நீரைப் பிடித்துவைக்கும் திறன், வேர் இறங்கும் ஆழம் ஆகியவற்றைக் கொண்டு இது கணக்கிடப்படுகிறது.

அங்கே நிலவரி, குத்தகை, விற்பனை மூன்றிலும் இந்த எண்ணைப் பார்க்கிறார்கள். 'ஏக்கருக்கு, ஒரு புள்ளிக்கு இத்தனை டாலர்' என்று விலை பேசுவதும் உண்டு.

இதை எடையிட்ட சராசரிக்கு எடுத்துக்காட்டாக வகுப்பில் பயன்படுத்தலாம். 80 ஏக்கர் பண்ணை ஒன்றில் 60 ஏக்கர் மண்ணின் மதிப்பெண் 90, மீதி 20 ஏக்கரின் மதிப்பெண் 50 என்று கொள்வோம். சராசரி என்ன? பல மாணவர்கள் இரண்டையும் கூட்டி, இரண்டால் வகுத்து 70 என்பார்கள். பரப்பைக் கணக்கில் கொண்டால்,

(60 × 90 + 20 × 50) ÷ 80 = 80.

ஒரு புள்ளிக்கு 150 டாலர் என வைத்துக்கொண்டால், ஏக்கர் விலை 10,500 அல்ல, 12,000 டாலர். பண்ணை முழுவதற்கும் வித்தியாசம் 1,20,000 டாலர்! பரப்பை மறந்து கணக்கிட்டு விற்றவருக்கு அத்தனையும் நட்டம்.

நமக்கும் இது புதிதல்ல. ரயத்துவாரி முறையில் மண்ணை வகைப்படுத்தித் தரம் பிரித்தே தீர்வை விதித்தார்கள். இன்றும் கிராம 'அ' பதிவேட்டில் 'மண் வயனமும் ரகமும்', 'மண் தரம்', 'தீர்வை' என்ற கலங்கள் இருக்கின்றன. தங்கள் ஊர்ப் புலம் ஒன்றின் 'அ' பதிவேட்டு விவரத்தைப் பெற்றோர் துணையுடன் பார்த்து வரச் சொல்லுங்கள். பக்கத்துப் புலத்தின் தரம் ஏன் வேறுபடுகிறது என்று வகுப்பில் பேசலாம்.

இரண்டு செய்திகளையும் மாணவர்களுக்குத் தெளிவாக்க வேண்டும். ஒன்று, தரம் என்பது மண்ணின் இயல்பைக் குறிப்பது. இப்போது அதில் உள்ள சத்துகளை அறிய மண் பரிசோதனைதான் வழி. இரண்டு, விலையை மண் மட்டுமே முடிவு செய்வதில்லை. பாசனம், பாதை, சந்தை, நகரத்தின் அருகாமை எல்லாம் சேரும். சாலையோரம் என்பதாலேயே களர் நிலம் நல்ல வண்டல் நிலத்தைவிட அதிக விலைக்குப் போவதை மாணவர்களே பார்த்திருப்பார்கள். விளைச்சலுக்கு ஏற்ற மண்ணை வீட்டுமனையாக்குவது சரியா என்ற கேள்வியை அவர்களிடமே விடுங்கள். கணக்குப் பாடம் அங்கிருந்து சமூக அறிவியலுக்குள் தானாகவே நுழைந்துவிடும்.