பூட்டிய வீடும் செல்போனும் விடுமுறை ஆகுமா?

பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விட்டாயிற்று. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தாய்மார்களுக்குத் திண்டாட்டம்!

காலையில் எழுந்தது முதல் ஒரே கேள்விதான். "அம்மா, பொழுது போகவில்லை. என்ன செய்ய?"

அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. வேலைக்குப் போக நேரமாகிறது. அந்த அவசரத்தில் அம்மா என்ன செய்வாள்? செல்போனை எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறாள். பிள்ளை வாய் திறப்பதில்லை. வீடு அமைதியாகிவிடுகிறது.

அவளைக் குற்றம் சொல்வதற்கில்லை. கணவனும் மனைவியும் சம்பாதித்தால்தான் பல குடும்பங்களில் வாடகை கட்ட முடிகிறது. சம்மர் கேம்ப் என்றால் ஆயிரக்கணக்கில் பணம் கேட்கிறார்கள்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் 40 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே 30 பிள்ளைகளாவது இருப்பார்கள். 30 பேரும் தனித்தனி அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். 30 பேருக்கும் பொழுது போகவில்லை!

கதவைத் திறந்துவிட்டால் போதும். ஒருவருக்கு ஒருவர் துணை. பொழுது தானே போய்விடும்.

பலகை யாருக்காக?

கதவைத் திறந்தால் கீழே ஒரு பலகை தொங்குகிறது. "இங்கே விளையாடக் கூடாது" என்று அதில் எழுதியிருக்கிறது.

அந்தப் பலகைக்கும் காரணம் இருக்கிறது. முதல் மாடியில் ஒரு பெரியவர் உடம்பு சரியில்லாமல் படுத்திருப்பார். இன்னொருவர் இரவு வேலை முடித்துவிட்டு வந்து பகலில் தூங்குவார். போன வாரம் ஒரு வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்திருக்கும். புதுக் காரில் கீறல் விழுந்திருக்கும். அவர்கள் கோபப்படுவதும் நியாயந்தான்.

பழைய வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகள் பலவற்றில் கட்டடங்களுக்கு நடுவே திறந்த வெளி உண்டு. முன்பு பிள்ளைகள் அங்கே ஓடினார்கள். இன்று பல இடங்களில் அங்கே மோட்டார் சைக்கிளும் காரும் நிற்கின்றன. பிள்ளைகள் எங்கே போவார்கள்?

இதற்கு ஒரு வழி இருக்கிறது. "கூடாது" என்று எழுதிய இடத்தில் "எப்போது" என்று எழுதுங்கள்!

குடியிருப்போர் சங்கம் ஒரு மாலை கூடிப் பேசட்டும். காலை 6½ முதல் 9 மணி வரை விளையாடலாம். மாலை 4½ முதல் 6½ மணி வரை விளையாடலாம். பகல் 1 மணி முதல் 4 மணி வரை சத்தமே கூடாது. இப்படி முடிவு செய்து எழுதிப் போடுங்கள். அந்த விளையாட்டு நேரங்களில் மட்டும் வண்டிகளை ஒரு பக்கமாக ஒதுக்கி நிறுத்துங்கள்.

ரப்பர் பந்துக்குப் பதில் பழைய துணியைச் சுற்றித் துணிப்பந்து செய்யுங்கள். ஜன்னல் கண்ணாடி பிழைத்துக்கொள்ளும்!

ஆட்டம் ஆடம்பரம் அல்ல

விளையாட்டு என்பது வேலையில்லாத வேலை அல்ல. 5 வயது முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாள்தோறும் 60 நிமிடமாவது உடல் நன்றாக அசையும்படி ஓடி ஆட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பள்ளி நாளில் நடந்து போவதிலும், விளையாட்டு வகுப்பிலும் இதில் ஒரு பகுதி நடந்துவிடும். விடுமுறையில் நாம் ஏற்பாடு செய்தால்தான் உண்டு.

விளையாடுவது குழந்தையின் உரிமை என்று ஐக்கிய நாடுகள் சபை 1989-ம் ஆண்டு ஓர் உடன்படிக்கை செய்தது. இந்தியா அதை 1992-ம் ஆண்டு ஏற்றுக்கொண்டது. சோறும் படிப்பும் போல விளையாட்டும் பிள்ளைக்குச் சேர வேண்டியதே.

வெயில் நேரத்தில் என்ன செய்வது?

மே மாதத் தொடக்கத்தில் அக்கினி நட்சத்திரம் வந்துவிடும். சென்னையில் வெயில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவதும் உண்டு. நடுப்பகலில் பிள்ளைகளை வெளியே விடக் கூடாது. மோர், பானகம், எலுமிச்சைச் சாறு என்று அடிக்கடி ஏதாவது குடிக்கக் கொடுங்கள்.

அந்த நேரத்தில் உட்கார்ந்து ஆடும் ஆட்டங்கள் நம்மிடம் எத்தனையோ இருக்கின்றன.

பல்லாங்குழிக்கு 14 குழி. பக்கத்துக்கு 7. பலகை இல்லாவிட்டால் தரையில் சாக்பீசால் வட்டம் போடலாம். குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டை போதும். சின்னப் பிள்ளைகளுக்கு எண்ணும் பழக்கம் தானாக வரும்.

ஆடு புலி ஆட்டத்தில் 3 புலி, 15 ஆடு. ஆடுகள் பிரிந்து நின்றால் புலி வெட்டிவிடும். சேர்ந்து நின்றால் புலி நகர முடியாமல் மாட்டிக்கொள்ளும். ஒற்றுமையைப் பற்றி இதைவிட நல்ல பாடம் ஏது?

தாயம், அஞ்சாங்கல் ஆகியவையும் இருக்கின்றன. இவற்றுக்கு மின்சாரம் வேண்டாம். சார்ஜ் போட வேண்டாம்.

யார் சொல்லிக் கொடுப்பது? சத்தம் என்று கோபித்துக்கொண்ட அதே பெரியவரைக் கேளுங்கள். எதிர் வீட்டுப் பாட்டியைக் கேளுங்கள். பகலெல்லாம் தனியாக இருப்பவர்கள் அவர்கள். "தாத்தா, நீங்கள்தான் நடுவர்" என்று சொல்லிப் பாருங்கள். மறுநாள் அவரே பிள்ளைகளை எதிர்பார்த்துக் காத்திருப்பார்!

வீட்டுக்கு ஐந்து புத்தகம் கொடுத்தால் மாடிப்படி ஓரத்தில் ஒரு சின்ன நூலகம் ஆகிவிடும். சென்னையில் இருப்பவர்கள் ஒருநாள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு அழைத்துப் போகலாம். மதுரையில் 2023-ம் ஆண்டு திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. இரண்டிலும் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி உண்டு.

கவனம் தேவை!

விளையாட விடுவது என்றால் கண்ணை மூடிக்கொண்டு விடுவதல்ல. நாளுக்கு ஒரு வீடு என்று முறை வைத்துப் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

தண்ணீர்த் தொட்டி மூடியைப் பூட்டி வையுங்கள். கைப்பிடிச் சுவர் தாழ்வாக உள்ள மொட்டை மாடிக்குத் தனியாக விடாதீர்கள். லிப்ட்டில் விளையாட விடக் கூடாது. மாஞ்சா நூலில் காற்றாடி வேண்டவே வேண்டாம். அது வழியில் போகிறவர் கழுத்தை அறுத்துவிடும்.

மிக முக்கியமான ஒன்று. நிறுத்திய காரைப் பூட்டி வையுங்கள். கண்ணாமூச்சி ஆடும் குழந்தை காருக்குள் ஒளிந்துகொள்ளும். உள்ளிருந்து கதவைத் திறக்கத் தெரியாது. வெயிலில் நிற்கும் காரில் சில நிமிடங்களில் சூடு ஏறி உயிருக்கே ஆபத்தாகிவிடும். காரைப் பின்னால் எடுக்கும்முன் இறங்கி ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

வாசலில் நிற்கும் பிள்ளை

இன்னொன்றும் சொல்ல வேண்டும்.

வாசலில் காவல் காக்கிறவருக்கும் பிள்ளைகள் உண்டு. வீட்டு வேலைக்கு வரும் அம்மாளும் விடுமுறை நாளில் மகளைக் கூட அழைத்து வருகிறாள். விட்டுவிட்டு வர அவளுக்கு வேறு இடம் இல்லை. அந்தப் பெண் மாடிப்படியில் உட்கார்ந்து, மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

"நீயும் வா" என்று குழந்தைகள் கூப்பிடுவார்கள். குழந்தைகளுக்கு அந்த வேற்றுமை தெரியாது. பல சமயம் தடுப்பது நாம்தான். "அவளோடு என்ன விளையாட்டு?" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வார்த்தையை இரண்டு குழந்தைகளும் மறப்பதில்லை. ஒருத்தி தான் தாழ்ந்தவள் என்று நினைக்கிறாள். இன்னொருத்தி தான் உயர்ந்தவள் என்று நினைக்கிறாள். இரண்டு பேருக்கும் நஷ்டம்.

ஏழு கல் ஆட்டத்தில் வேண்டியது குறி பார்க்கும் கையும் ஓடும் காலும். அப்பாவுக்கு என்ன வேலை என்று எந்தக் கல்லும் கேட்பதில்லை.

பெற்றோர்களே! பள்ளி திறக்க இன்னும் நாள் இருக்கிறது. இன்று ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் வீட்டில் இருப்பீர்கள். மாலை 5 மணிக்குக் கீழே இறங்கி வாருங்கள். அந்தப் பலகையை எடுத்துவிட்டு விளையாட்டு நேரத்தை எழுதி மாட்டுங்கள். மாடிப்படியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

செய்வீர்களா?