ரமணாசிரமம் பக்கம் தங்கப் போறீங்களா? அட்வான்ஸ் கட்டும் முன் கவனிக்க வேண்டிய 5 விஷயங்கள்!

சென்னை, பெங்களூரு இளைஞர்களின் வார இறுதிப் பட்டியலில் திருவண்ணாமலைக்கு எப்போதும் இடம் உண்டு. முன்பெல்லாம் கோயில் பக்கம் ஒரு லாட்ஜ் கிடைத்தால் போதும். இப்போது ரமணாசிரமம் சுற்றுவட்டாரத்தில் காட்டேஜ், ரிசார்ட், ‘கிளாம்பிங்’ எனப்படும் சொகுசு டென்ட் என்று போனில் வரிசை கட்டுகின்றன. எல்லாப் படத்திலும் மலை அழகாகத் தெரியும். படத்தில் தெரியாததைத்தான் நாம் கேட்டு வாங்க வேண்டும்.

1. முதலில் காலண்டரைப் பாருங்க

பௌர்ணமி, கார்த்திகை தீபம், மார்கழியில் வரும் ரமணர் ஜெயந்தி ஆகிய நாட்களில் வாடகை எகிறிவிடும். பௌர்ணமி, தீப நாட்களில் போக்குவரத்தும் மாற்றப்படும். வெளியூர் பேருந்துகள் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நின்றுவிடும். 14 கி.மீ. கிரிவலப் பாதையை ஒட்டிய ரிசார்ட் என்றால், ‘அன்றைக்கு கார் வாசல் வரை வருமா? எத்தனை மணிக்குள் வர வேண்டும்?’ என்று கேட்டுவிடுங்கள். கிரிவலம் நோக்கம் இல்லை, அமைதிதான் வேண்டும் என்றால் பௌர்ணமியைத் தவிர்ப்பதே நல்லது.

2. ‘ஆசிரமம் அருகில்’னா எவ்வளவு தூரம்?

ஆசிரமம் பெரிய கோயிலில் இருந்து சுமார் 2 கி.மீ. தள்ளி, செங்கம் சாலையில் இருக்கிறது. ‘அருகில்’ என்ற சொல்லை நம்பாமல், ஆசிரம வாசலில் இருந்து மேப்பில் நடை தூரத்தைப் பாருங்கள். விடியற்காலையில் ஆசிரமத்தின் பின்வழியாக ஸ்கந்தாசிரமம் ஏறும் திட்டம் இருந்தால், நடந்து போகும் தூரத்தில் சாதாரண அறை எடுப்பது தொலைதூர ரிசார்ட்டைவிட வசதி.

3. டென்ட் எந்த இடத்தில் நிற்கிறது?

இதுதான் முக்கியம். ஃபெஞ்சல் புயல் மழையின்போது, 2024 டிசம்பர் 1 அன்று இதே மலையின் சரிவில் உள்ள வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீடு புதைந்தது. 5 குழந்தைகள் உட்பட 7 பேர் உயிரிழந்தனர். அந்த ஆண்டு தீபத்துக்கு பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். அப்போது சரிவை ஒட்டியோ, நீரோடைப் பாதையிலோ போட்ட டென்ட் வேண்டவே வேண்டாம். ‘கனமழை வந்தால் கான்கிரீட் அறைக்கு மாற்றுவீர்களா?’ என்று கேளுங்கள். கோடையிலோ பிரச்சினை வெயில். கரண்ட் போனால் ஏசிக்கு ஜெனரேட்டர் உண்டா என்பதும் அவசியம். இந்தப் பக்கம் குரங்குகள் அதிகம். டென்ட்டுக்குள் தின்பண்டம் வைக்காதீர்கள்.

4. மொத்தத் தொகை எவ்வளவு?

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை ரூ.7,500 வரை இருந்தால் ஜிஎஸ்டி 5%. அதைத் தாண்டினால் 18%. ரூ.7,500 அறைக்கு வரியோடு ரூ.7,875. ரூ.8,000 அறைக்கு ரூ.9,440! வாடகையில் ரூ.500 வித்தியாசம், பில்லில் ரூ.1,565 ஆகிறது. வரி வாங்கினால் ஜிஎஸ்டி எண் உள்ள பில் கேளுங்கள். கேன்சல் செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

5. பணம் யாருக்குப் போகிறது?

ஆன்மிகப் பயணிகளைக் குறிவைக்கும் போலி புக்கிங் தளங்கள் பற்றி மத்திய அரசின் சைபர் குற்றத் தடுப்பு மையம் 2025 ஏப்ரலில் எச்சரித்தது. கூகுளில் கிடைத்த நம்பருக்கு அப்படியே பணம் அனுப்பாதீர்கள். வேறு வழியிலும் அந்த இடத்தின் எண்ணைத் தேடி, பேசி உறுதி செய்யுங்கள். ‘இப்பவே முழுசா அனுப்புங்க, கடைசி ரூம்’ என்று அவசரப்படுத்தினால் உஷார்!

ரமணாசிரமத்தில் தங்க வாடகை நிர்ணயம் கிடையாது. பக்தர்களுக்கான இடம் என்பதால் முன்கூட்டியே எழுதி அனுமதி பெற வேண்டும். எனவே, ‘ஆசிரம ரூமுக்கு அட்வான்ஸ்’ என்று வாட்ஸ்அப்பில் யாராவது கேட்டால் பணம் போடாதீர்கள்.

ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். சொன்ன வசதி கிடைக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.