வெள்ளை மேகம் ஏன் ரோஸாகிறது?

கேமரா தரும் ரா கோப்பில், அதாவது ஒளியை அளக்கும் சென்சாரின் அளவீடுகளைப் பதப்படுத்தாமல் சேமித்த கோப்பில், உள்ள எண்களை அப்படியே திரையில் காட்டினால் இருண்ட கறுப்பு வெள்ளைப் படம்தான் வரும். நிறமெல்லாம் பிறகு கணக்குப் போட்டு வரவழைப்பது.

சென்சாருக்கு நிறம் தெரியாது. விழுந்த ஒளியின் அளவு மட்டுமே தெரியும். அதனால் ஒவ்வொரு பிக்சலின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒரு வடிகட்டியைப் பதிக்கிறார்கள். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. நம் கண் பச்சையை ஒட்டிய ஒளியில்தான் நுணுக்கங்களை நன்றாகப் பிடிக்கிறது என்பதால் பச்சைக்குப் பாதி இடம். 2.4 கோடி பிக்சல் என்றால் 1.2 கோடி பச்சை. சிவப்பும் நீலமும் தலா 60 லட்சம். ஒரு பிக்சல் அளந்தது ஒரு நிறத்தை மட்டுமே. மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து மென்பொருள் ஊகிக்கிறது. ஆக, நாம் பார்க்கும் படத்தின் நிற மதிப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு ஊகம்!

ஊகித்த பிறகும் படம் பச்சை பூத்தே நிற்கும். வெள்ளையை வெள்ளையாகக் காட்ட, சிவப்பையும் நீலத்தையும் பெருக்கி உயர்த்த வேண்டும். இதுதான் வெண்சமநிலை. வில்லங்கமும் இங்கேதான். 14 பிட் கோப்பில் ஒரு பிக்சல் எட்டக்கூடிய உச்சம் 16,383. வெயிலில் பளீரிடும் மேகத்தில் மூன்று நிறங்களும் அந்த உச்சத்தில் முட்டி நிற்கின்றன. சிவப்பை இரண்டால் பெருக்கினால் 32,766. நீலமும் கூடவே ஏறுகிறது. பச்சை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. மேகம் ரோஸாகிவிடுகிறது! நல்ல மென்பொருள் மூன்றையும் ஒரே உயரத்தில் வெட்டி மேகத்தின் வெண்மையை மீட்கிறது.

கேமராத் திரையில் துடிப்பாக இருந்த படம் கணினியில் சோர்ந்து தெரிவதும் பலருக்குக் குழப்பம். திரையில் கண்டது ரா அல்ல. கேமரா தன் பக்குவத்தில் சமைத்து அதே கோப்புக்குள் வைத்த சிறிய ஜேபெக். கணினி மென்பொருளின் பக்குவம் வேறு. ஒரே மாவு, வேறு கை.

ஜேபெக்காக மாற்றிய பிறகும் ஒரு கண்ணி உண்டு. 'பச்சை 255' என்ற எண் தனியே எந்தப் பச்சையையும் குறிப்பதில்லை. எஸ்ஆர்ஜிபி என்ற நிறவெளியில், அதாவது எண்களுக்கு நிறம் சொல்லும் அகராதியில், அது ஒரு பச்சை. அடோபி ஆர்ஜிபியில் அதைவிடச் செறிந்த பச்சை. எந்த அகராதி என்ற குறிப்பு கோப்போடு போக வேண்டும். அது உதிர்ந்தால், அடோபி ஆர்ஜிபி எண்களைப் பெரும்பாலான மென்பொருள்கள் எஸ்ஆர்ஜிபி என்றே வாசிக்கும். வயல் வெளிறும், முகம் சோகை பிடிக்கும். சரியான குறிப்பை மறுபடி சேர்த்தாலே நிறம் திரும்பிவிடும்; படத்தில் ஓர் எண்ணைக்கூடத் தொட வேண்டியதில்லை.