மெல்லிய குரலும் இரைச்சலும்: ஹெட்போனுக்கு ஒரு பெருக்கி

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமான் தீவுகளைத் தாக்கித் தொலைபேசித் தொடர்பு அற்றுப்போனபோது, போர்ட் பிளேரிலிருந்த அமெச்சூர் வானொலி அன்பர்கள் தீவிலுள்ளோரின் நலச் செய்திகளை வானொலி வழியே அனுப்பி உதவினர். அத்தகைய வேளையில் ‘ஃபிஃப்டீன்’ என்ற எண் இரைச்சலில் ‘ஃபிஃப்டி’ என்று கேட்டுவிட்டால் விளைவு சிறிதன்று. ஆகையால் ஹெட்போனில் இரைச்சலைக் குறைப்பது வெறும் பொழுதுபோக்கு ஆகாது.

இரைச்சல் எங்கே பிறக்கிறது? மின்தடை ஒவ்வொன்றிலும் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓயாது அலைகின்றன. அந்த அலைச்சலே சிறு மின்னழுத்தமாகிறது. இதை ஜான்ஸன் என்ற அறிஞர் அளந்து 1928-இல் வெளியிட்டார். அதற்குரிய கணக்கை நைக்விஸ்ட் வகுத்தார். அக்கணக்கின்படி, பேச்சுக்குப் போதுமான 2,500 ஹெர்ட்ஸ் அகலத்தில், 10 கிலோ-ஓம் மின்தடை ஏறக்குறைய 0.64 மைக்ரோவோல்ட் இரைச்சலைத் தரும். 100 ஓம் தருவது அதில் பத்தில் ஒரு பங்கே. தொலைநிலையத்தின் குரலோ சில மைக்ரோவோல்ட்டே இருக்கலாம்.

பாலில் கலந்த தண்ணீரைப் பின்னர் பிரிக்க இயலாது. அதுபோல முதற்கட்டத்தில் சேர்ந்த இரைச்சல் குரலோடு சேர்ந்தே பெருகும். எனவே முதற்கட்டம் தூய்மையாக இருத்தல் வேண்டும். அது போதிய அளவு பெருக்கிவிட்டால் அடுத்த கட்டத்தின் இரைச்சல் பொருட்டன்று.

முதற்கட்டத்துக்கு என்.இ. 5534 என்னும் ஐ.சி. ஏற்றது. 10 கிலோ-ஓம், 100 ஓம் என்ற இரு பின்னூட்ட மின்தடைகளால் அது சுமார் 100 மடங்கு பெருக்கும். 10 கிலோ-ஓமின் குறுக்கே 0.0047 மைக்ரோபாரட் மின்தேக்கி வைத்தால் சுமார் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட சீறல் தணியும். கார்பன் கலவை மின்தடையை விட உலோகப்படல மின்தடையே நன்று. வால்யூம் கண்ட்ரோலை முதற்கட்டத்துக்குப் பின்னரே, இடையில் ஒரு மின்தேக்கியுடன், அமைக்க வேண்டும்.

இரண்டாம் கட்டமாக 20 மடங்கு பெருக்கும் எல்.எம். 386 ஹெட்போனை இயக்கும். அதன் வெளியீட்டை 220 மைக்ரோபாரட் மின்தேக்கி, 47 ஓம் மின்தடை ஆகியவற்றின் வழியே செலுத்தி, ஹெட்போனின் குறுக்கே இரண்டு சிலிக்கன் டையோடுகளை எதிரெதிராக இணைத்திடுக. திடீரென வலிய நிலையம் குறுக்கிட்டாலும் செவிக்குச் செல்லும் மின்னழுத்தம் சுமார் 0.6 வோல்ட்டுக்கு மேற்போகாது.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் ரீங்காரத்தைத் தவிர்க்க 9 வோல்ட் பாட்டரிகள் இரண்டைப் பயன்படுத்துவதே எளிது. உள்ளீட்டுக் கம்பி குறுகியதாகவும் கவச உறையுடையதாகவும் இருக்கட்டும். எர்த் கம்பிகள் யாவும் ஓரிடத்தில் கூடட்டும்.

கட்டி முடித்தபின் ஒரு சோதனை. ஏரியலைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். பின்னர் மாட்டிக் கேளுங்கள். மாட்டியவுடன் இரைச்சல் தெளிவாக உயர்ந்தால், கேட்பது வானத்தின் இரைச்சலே. கருவி தன் கடமையைச் செய்துவிட்டது. அதற்கு மேலும் பெருக்கியைத் திருத்துவதால் பயனில்லை. அலைவரிசையின் அகலத்தைச் சுருக்குவதே வழி: மோர்ஸ் ஒலிக்கு 2,500 ஹெர்ட்ஸை 250 ஆக்கினால் இரைச்சல் மின்னழுத்தம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். அப்போது, அதுவரை இரைச்சலில் அமிழ்ந்திருந்த நிலையமும் செவிக்கு எட்டும்.