சர்க்கரைக்கு உலோக மாத்திரை கைகொடுக்குமா?

அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் எரிக்கும் நிலக்கரியின் சாம்பலில் வனேடியமும் குரோமியமும் துளித்துளியாக இருக்கின்றன. மூச்சில் போனால் கெடுதி செய்யும் உலோகங்கள். இவற்றின் கூட்டுப்பொருள்களைத்தான் சர்க்கரை நோய்க்கு மருந்தாக்கப் பார்க்கிறார்கள் ஆய்வாளர்கள்.

இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது 1921-ல். அதற்கு முன்பே, 1899-ல், பிரான்சின் லியோன் நகர மருத்துவர்கள் வனேடிய உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று சர்க்கரை நோயாளிகளில் இருவருக்குச் சற்றே பலன் தெரிந்தது. பிறகு எல்லோரும் மறந்துவிட்டார்கள். 1985-ல் கனடாவில் ஜான் மெக்நீல் குழு எலிகளின் குடிநீரில் வனடேட் என்ற வனேடிய உப்பைக் கலந்து ரத்தச் சர்க்கரையை இறக்கிக் காட்டியதும் ஆர்வம் திரும்பியது.

சர்க்கரை இறங்கியதன் காரணம் சுவையானது. இன்சுலின் வந்து சேர்ந்ததும் செல்லின் மேலுள்ள ஏற்பியில் பாஸ்பேட் ஒட்டிக்கொள்ளும். சர்க்கரையை உள்ளே விடும் வேலை அங்கே தொடங்குகிறது. அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றி வேலையை நிறுத்த ஒரு நொதி உண்டு. பாஸ்பேட்டின் சாயலில் இருக்கும் வனடேட், நொதிக்குள் புகுந்து அதை முடக்கிவிடுகிறது. இருக்கிற கொஞ்ச இன்சுலினும் கூடுதல் நேரம் வேலை செய்கிறது.

ஆனால் வெறும் உப்பு குடலில் சரியாக ஏறாது, வயிற்றுப்போக்கு வேறு. அதனால் உலோகத்தைக் கரிமப் பொருளோடு பிணைத்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியர் எஸ்.பி.சுப்பிரமணியன் குழு ஃபிளேவனால் என்ற கரிமப் பொருளோடு துத்தநாகத்தையும் வனேடியத்தையும் இணைத்தது. எலிகளுக்குச் சர்க்கரை குறைந்ததாக 2012, 2013-ல் கட்டுரைகள் வெளியாயின.

எலிக்குச் சரி, மனிதருக்கு? கனடாவில் உருவான வனேடியக் கூட்டுப்பொருள் ஒன்று இரண்டாம் கட்டச் சோதனை வரை போய் நின்றுவிட்டது. நாள்பட உடலில் தங்கும் உலோகத்தைச் சிறுநீரகம் தாங்குமா என்பதே பெரிய கவலை.

குரோமியத்தின் கதை இன்னும் வினோதம். 1977-ல் டொரண்டோவில் மருத்துவர் ஜீஜீபாய் குழு, ஆண்டுக்கணக்கில் ரத்தக்குழாய் வழியாகவே உணவு பெற்ற ஒரு பெண்ணுக்குக் குரோமியம் கொடுத்தது. அதுவரை போட்டுவந்த இன்சுலின் தேவையே இல்லாமல் போனது. அது குரோமியக் குறைபாட்டுக்குச் செய்த சிகிச்சை. வழக்கமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அதே பலன் வரும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் குரோமியம் பிகோலினேட் மாத்திரைகள் அமோகமாக விற்கின்றன. அவை சர்க்கரை நோயைத் தடுக்கும் என்ற வாதம் மிகவும் நிச்சயமற்றது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005-லேயே சொல்லிவிட்டது.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி தமிழகத்தில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். அவர்களில் யாரும் மெட்ஃபார்மின் போன்ற வழக்கமான மருந்தை நிறுத்திவிட்டு உலோக மாத்திரைக்கு மாற வேண்டாம். சேர்த்துச் சாப்பிடுவதானாலும் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.