போட்டுக்கோ, கட்டிக்கோ, வச்சுக்கோ: ஸ்பானிஷ் உடை வினைகளுக்குத் தமிழ் வழியில் ஒரு குறிப்பு

ஸ்பானிஷ் கற்க ஆரம்பிக்கிற நம்மவர்கள் சீக்கிரமே தடுமாறுகிற இடம் உடை. 'சட்டை போடு' என்பதற்கு அகராதியைத் திறந்தால் போனெர்ஸே, யேவார், உஸார், பெஸ்தீர்ஸே என்று வரிசையாக வந்து நிற்கும். எதை எங்கே சொல்வது? ஆங்கிலம் வழியாகப் போனால் குழப்பம்தான் மிஞ்சும். அங்கே 'வேர்' என்ற ஒரே சொல் முக்கால்வாசி வேலையைப் பார்த்துவிடுகிறது. தமிழ் வழியாகப் போனால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது என்பது என் அனுபவம். அதற்கு முதலில் நம்ம வினைகள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்துவிடுவோம்.

ஒரு துண்டு, மூன்று வினை

எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்துத் துண்டையே எடுத்துக்கொள்வோம். அதைத் தோளில் போடுகிறோம். வயலில் இறங்கும்போது தலையில் கட்டுகிறோம், வேண்டுமானால் இடுப்பிலும் கட்டுகிறோம். மார்கழியில் கல்வராயன் மலைக்குப் போனால் அதையே போர்த்திக்கொள்கிறோம். துணி மாறவில்லை, வினை மாறுகிறது. மாற்றிச் சொன்னால் பொருளே கெட்டுப்போகும். தலையில் துண்டு கட்டியவர் வேலைக்குக் கிளம்பியவர். 'தலையில துண்டைப் போட்டுக்கிட்டார்' என்றால் மனுஷன் மொத்தமாக நஷ்டப்பட்டுவிட்டார்!

ஆக, தமிழில் வினையைத் தீர்மானிப்பது அந்தப் பொருள் உடம்பில் எப்படி நிற்கிறது என்பதுதான். சுற்றியோ முடிந்தோ நின்றால் கட்டு: வேட்டி, சேலை, கைலி. கை, கால், கழுத்து உள்ளே நுழைந்தால் போடு: சட்டை, சுடிதார், வளையல், செருப்பு. கொக்கி மாதிரித் தொங்கினால் மாட்டு: ஐடி கார்டு, காதில் மாட்டும் மாஸ்க். ஒட்டியோ செருகியோ நின்றால் வை: பொட்டு, பூ. வெளியிலிருந்து வந்த வாட்ச்சுக்கும் வார் இருந்ததால் 'கட்டு' கிடைத்துவிட்டது. விதிவிலக்குகள் உண்டு, ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். ஆனால் அடிப்படை இதுதான்.

ஸ்பானிஷ் பார்ப்பது வேறு

ஸ்பானிஷுக்கு முடிச்சு, கொக்கி பற்றியெல்லாம் பெரிய கவலை இல்லை. சட்டை, தொப்பி, மோதிரம், கண்ணாடி எல்லாவற்றுக்கும் அதே வினைகள்தான். அது கேட்கிற கேள்வி வேறு: இப்போது போடுகிறாயா, ஏற்கெனவே போட்டிருக்கிறாயா?

இந்த வித்தியாசம் தமிழிலும் இருக்கிறது. முதல் வினையில் இல்லை, வாலில் இருக்கிறது. போட்டுக்கொள், கட்டிக்கொள், வைத்துக்கொள் என எதுவானாலும் 'கொள்' வந்தால் போனெர்ஸே. அதன் கடைசியில் இருக்கும் 'ஸே'தான் ஏறக்குறைய நம்ம 'கொள்'. குழந்தைக்குப் 'போட்டுவிடு' என்றால் 'ஸே' கழன்று வெறும் போனெர் ஆகிவிடும். போட்டிருக்கிறேன், கட்டியிருக்கிறேன் என்று 'இரு' வந்தால் யேவார். 'தினமும் கண்ணாடி போடுவார்' என்கிற பழக்கத்துக்கு லத்தீன் அமெரிக்காவில் உஸார் என்பார்கள், ஸ்பெயினில் அதற்கும் பெரும்பாலும் யேவார்தான். உடையின் பெயரே சொல்லாமல் 'டிரெஸ் பண்ணிக்கிட்டேன்' என்றால் பெஸ்தீர்ஸே.

வீடியோ காலில் 'நீலச் சட்டையில் இருப்பவன் நான்' என்று அடையாளம் சொல்ல வந்தவர் 'மே போங்கோ' என்று ஆரம்பித்தால், எதிரில் இருப்பவருக்கு 'இதோ போட்டுக்கிறேன்' என்று கேட்கும். அங்கே சொல்ல வேண்டியது 'யேவோ'.

இன்னொரு வசதியும் இருக்கிறது. 'மே போங்கோ லா கமீசா' என்பதில் 'என் சட்டை' கிடையாது, வெறும் சட்டைதான். நாமும் 'சட்டையைப் போட்டுக்கிறேன்' என்றுதானே சொல்கிறோம்? ஆங்கிலம் வழியாக வருகிறவர்தான் 'என்' என்பதைத் தேவையில்லாமல் நுழைப்பார்.

தாடிக்கும் யேவார் வரும். நாம் 'தாடி வச்சிருக்கார்' என்போம். அதிலும் 'இரு' இருப்பதைக் கவனியுங்கள். நம்மிடம் ஒரே சொல்லாக இல்லாத ஒரு வினையும் அவர்களிடம் உண்டு: எஸ்த்ரெனார். ஒன்றை முதல்முறையாகப் பயன்படுத்துவது. தீபாவளி காலையில் மஞ்சள் தடவிய புதுத்துணியைப் போட்டுக்கொள்ளும்போது நாம் செய்வது இதுதான்.

திருப்பிப் போட்டால்

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னொரு பயன் இருக்கிறது. வெளிநாட்டில் வளரும் நம் வீட்டுப் பிள்ளைகள் 'பாட்டி, சேலை போட்டுக்கவா?' என்று கேட்கும்போது வீடே சிரிக்கிறது. இரண்டு முறை சிரித்தால், மூன்றாம் முறை அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் கேட்கும். அகராதியும் அதற்கு உதவாது. 'அணி' என்று ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். 'சேலை அணிந்துகொள்ளவா?' என்று அது கேட்டால் அதற்கும் சிரிப்போம். தலைக்கவசம் அணிவது அறிவிப்புப் பலகையில்தான். வண்டியை எடுக்கும்போது வீட்டில் சொல்வது 'ஹெல்மெட் போட்டுக்கோ'.

சிரிப்பதற்குப் பதிலாக ஒரு துண்டைக் கையில் கொடுத்து, தோளில் போடு, தலையில் கட்டு, குளிருது போர்த்திக்கோ என்று செய்துகாட்டினால் போதும். விதி என்று தனியாகச் சொல்லித்தரவே வேண்டியதில்லை. அடுத்த முறை அது 'கட்டிக்கவா?' என்றே கேட்கும்.