பாட்டியின் சாமைப் பானை

என் அக்காள் மகள் என்ன உத்தியோகம் பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் அக்காள் திணறிப் போவாள். "டேட்டாபேஸ் அட்மினிஸ்டிரேட்டர்" என்று சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். அதற்கு அர்த்தம் என்னவென்று அடுத்த கேள்வி வந்தால், "கணக்குப் பிள்ளை மாதிரி ஏதோ" என்று சொல்லிவிட்டுக் காபி கலக்க உள்ளே போய்விடுவாள். எனக்கு அந்த உத்தியோகம் விளங்கியது சென்ற தை மாதம், கொல்லி மலையில்!

நாமக்கல் ஜில்லாவில், 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இருக்கிறது கொல்லி மலை. பாதி வளைவுகளுக்குள் என் தலை பம்பரமாகிவிட்டது. அறப்பளீசுவரரைத் தரிசித்து, ஆகாய கங்கை அருவியை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று நான் நினைத்தேன். அவளோ, "விதை பார்க்க வேண்டும், சித்தி" என்று பிடிவாதம் பிடித்தாள்.

அந்த மலையில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். கேரளத்தை நினைத்துவிடாதீர்கள், தமிழ் பேசும் மக்கள். சாமையும் தினையும் கேழ்வரகும் அவர்கள் காட்டில் விளைந்த காலம் ஒன்று உண்டு. ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு பணம் தரத் தொடங்கியதும் அவை ஒதுங்கிக்கொண்டன. நமக்குச் சாமை என்றால் ஒரே சாமை. அங்கே கட்டவெட்டிச் சாமை, சடஞ்சாமை, மல்லியச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை, கரும்பெருஞ்சாமை என்று தனித்தனிப் பெயர்கள். ஒன்றின் விதை கடைசி வீட்டிலும் தீர்ந்துவிட்டால், காசு கொடுத்தாலும் விற்கக் கடை கிடையாது. அதனால்தான் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களிலிருந்து அந்த மக்களோடு சேர்ந்து கிராம விதை வங்கிகளை வளர்த்தார்கள். கடன் வாங்குவதும் விதை, திருப்புவதும் விதை. வட்டிக்குப் பதில் இன்னும் கொஞ்சம் விதை!

நாங்கள் போன வீட்டுப் பாட்டி பானையைத் திறந்து காட்டினாள்.

"பானை நிறைய இருக்கிறதே, பாட்டி. அடுத்த வருஷத்துக்குக் கவலையில்லை" என்றேன் நான்.

"நெறஞ்சிருந்தா ஆச்சா கண்ணு? ஒரு வருஷம் அப்படி நம்பித்தான் வெதச்சோம். ஒண்ணுகூட மொளைக்கலே. எங்க மாமியா ஊர்லே இருந்த படி வெதைதான் அன்னிக்குக் காப்பாத்துச்சு. இப்பல்லாம் முன்னாடியே ஒரு பிடி ஈரத்துணியிலே போட்டுப் பார்த்துடுவேன்."

அக்காள் மகள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. வெளியே பாறையில் வந்து உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

பாங்கிக் கணக்கு, ரயில் டிக்கெட், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் இன்று கம்ப்யூட்டரில் அட்டவணைகளாக உட்கார்ந்திருக்கின்றன. ஐ.பி.எம். கம்பெனியில் இருந்த எட்கர் காட் என்பவர் 1970-இல் எழுதிக் காட்டிய வழி அது. அந்த அட்டவணைகள் அழியாமலும், கேட்டவுடன் பதில் சொல்லும்படியும், உரியவர் தவிர மற்றவர் கை படாமலும் பார்த்துக்கொள்வதே இவள் வேலை.

"வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், சித்தி. ராத்திரி இரண்டு மணி. பழைய வரிகள் சிலவற்றை அழிக்க உத்தரவு எழுதினேன். 'எவற்றை' என்று சொல்லும் கடைசி வரி மட்டும் விட்டுப் போயிற்று. யந்திரம் திருப்பிக் கேட்குமா? வாடிக்கைக்காரர்கள் அத்தனை பேரும் போய்விட்டார்கள்!"

"நகல் இருக்குமே?"

"இருந்தது. தினம் ராத்திரி நகல் எடுத்து, 'எடுத்தாயிற்று' என்று எட்டு மாதமாகத் தகவல் வந்துகொண்டிருந்தது. ஒருவரும் ஒரு நாளும் பிரித்துப் பார்த்ததில்லை. அன்று பிரித்தால் தலைப்புகள் மட்டும் இருக்கின்றன; உள்ளே ஒன்றுமில்லை."

காப்பாற்றியது வேறொருத்தி. ஏதோ சோதனைக்காகப் பதினொரு நாள் முன்னால் தன் யந்திரத்துக்கு அவள் ஒரு பிரதி எடுத்துப் போயிருந்தாள். மிச்சப் பதினொரு நாள் கணக்கைக் காகிதங்களைப் பார்த்து மூன்று இரவு கையால் அடித்தார்களாம். அன்று முதல் இவள் அழிக்க நினைப்பதை முதலில் எண்ணிப் பார்ப்பாள். மாதம் ஒரு முறை நகலை வேறு யந்திரத்தில் விரித்து, வரிகள் சரியா என்றும் எண்ணுவாள். நல்ல மாமியார் ஊர் அமைந்தது அவளுக்கு!

பஸ் இறங்குகையில் இன்னொன்றும் சொன்னாள். சிரியாவின் அலெப்போ அருகே வறண்ட நிலப் பயிர்களுக்கான விதைக் களஞ்சியம் ஒன்று இருந்தது. உள்நாட்டுப் போரில் அது கைவிட்டுப் போயிற்று. ஆனால் நார்வேயின் வடகோடியில், பனிமலைக்குள் 2008-இல் திறந்த ஸ்வால்பார்ட் காப்பகத்துக்கு அவர்கள் முன்பே பிரதி விதைகளை அனுப்பியிருந்தார்கள். 2015-இல் அவற்றைத் திரும்ப வாங்கி, லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கி, 2017-இல் மறுபடியும் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள்.

பாட்டி கொடுத்த ஒரு பிடி சாமையை அவள் மூன்று பொட்டலமாகக் கட்டினாள். ஒன்று தனக்கு, ஒன்று மதுரையில் இருக்கும் அம்மாவுக்கு, ஒன்று எனக்கு. நான் என் பங்கிலிருந்து நூறு விதை எண்ணி ஈரத்துணியில் சுற்றி வைத்தேன். ஆறாம் நாள் பிரித்துப் பார்த்து அவளுக்கு டெலிபோன் செய்தேன்.

"எண்பத்து மூன்று."